டம்ப் ஸ்டேஷனில் ஜெயா அக்கா

சந்திரன் அண்ணன் எந்த வாக்கியத்தையும் தானாக முடித்ததில்லை. பாதியில் நிறுத்திவிடுவார், மீதியை அவருடைய மனைவி ஜெயலட்சுமி முடித்துவைப்பார். சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கீழே துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்டுக்குள் நுழைந்து ஆன்சரிங் மெஷினின் பொத்தானை அழுத்தினேன். "மல்லிகா, நான் பிளானோலேந்து சந்திரன் பேசுதேன்மா. ஜெயா நேத்து மத்தியானம் ஆபீஸ்ல..." என்ற குரல் அங்கேயே நின்றது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வந்து முடித்துவைப்பார்கள் என்பதுபோல அவர் காத்திருந்தது கேட்டது. பிறகு போனை வைக்கும் சத்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. துணியைப் பற்றிய நினைவே இல்லாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயது. சாப்பாட்டு நேரத்தில், யாரோ ஒரு சக ஊழியரின் வேலையில் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது சரிந்தாராம். நான் நம்புகிறேன்.

டெக்சாஸின் பிளானோவில் இருக்கும் நண்பர்கள் தாங்கள் கொண்டுவரும் நினைவு மலருக்கு "அக்காவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக எழுதலாம். ஆனால் அவரோடு ஒரு முறையாவது கேம்பிங் போனவர்கள் இதை வாசிக்கும்போது, எரிச்சல் இல்லாத ஒரு ஜெயா அக்காவை நான் எழுதியிருந்தால், இது வேறு யாரோ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அதனால் எரிச்சலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா கோவில்பட்டிக்காரர். ஒரு தொலைபேசிக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தார். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். எட்டு மணி நேரம் அலுவலகத்தில் அதைச் செய்துவிட்டு, மீதி நேரத்தில் எங்களிடம் இலவசமாகச் செய்தார். பிளானோவுக்கு நாங்கள் வந்த புதிதில், இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து அவர் பேசிய முதல் வார்த்தைகள் இவை: "ஏளா, யாரு நீ? புதுசா? அதப் போடு கீழ. நுனிய ஒடிச்சுப் பாத்தியா? முத்தல். இந்தாளு முத்தலத்தான் முன்னால அடுக்குவான்." கடைக்காரர் ஒரு கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியும்.

அன்றிலிருந்து நான் அவருடைய பொறுப்பில் வந்துவிட்டேன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஃப்ரீவேயில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், என் பக்கத்தில் உட்கார்ந்து நெடுகக் கத்திக்கொண்டே. எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசத்தோடு வந்து, என் ஃபிரிட்ஜைத் திறந்து, காலாவதியானதை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டுப் போவார்.

பிறகு அவர் டிரெய்லர் வாங்கினார்.

ஒரு பிக்கப் டிரக்கும், ஓய்வுபெற்ற ஒரு டெக்சாஸ் தம்பதியிடமிருந்து பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றும். நம்மவர்களில் அப்போது யாரும் இப்படி ஒன்றை வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணத்தை அக்கா ஒளிக்கவில்லை. பூங்காக்களில் இருக்கும் பொதுக் கழிப்பறைகளில் காகிதம்தான் உண்டு, தண்ணீர் கிடையாது. நாம் எல்லோரும் காலி ஜூஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதைத் துண்டில் சுற்றி, யாரும் பார்க்காதபடி உள்ளே எடுத்துப் போவோம். எல்லோரும் செய்வோம், யாரும் பேச மாட்டோம். அக்கா ஒரு பொங்கல் விழாச் சாப்பாட்டின்போது, வடையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "ஊரு சுத்திப் பாக்கப் போறோமா, பாட்டில ஒளிச்சு வைக்கப் போறோமா? நம்ம கக்கூஸ நம்மளே இழுத்துட்டுப் போனா என்ன?" பக்கத்தில் இருந்தவர்கள் தட்டோடு வேறு மேஜைக்குப் போனார்கள். ஆனால் கோடை வந்ததும் அவர்களே கேட்டார்கள், "அக்கா, எங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

கூட்டிப் போவார். நிபந்தனை உண்டு. யாரெல்லாம் டிரெய்லரின் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்களோ, அவர்களில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் முறை வைத்து, அதன் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். டாக்டரானாலும் சரி, டைரக்டரானாலும் சரி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரெய்லருக்கு அடியில் இரண்டு தொட்டிகள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போவது சாம்பல் டேங்க். கழிப்பறையில் இருந்து போவது கறுப்பு டேங்க். நிரம்பியதும் பூங்காவின் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டும். அங்கே சிமெண்ட் தரையில் மூடியோடு ஒரு துளை இருக்கும். தடித்த மடிப்புக் குழாயின் ஒரு முனையை டிரெய்லரிலும் மறு முனையை அந்தத் துளையிலும் மாட்டி, லீவரை இழுக்க வேண்டும். கறுப்பு முதலில், சாம்பல் பிறகு. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் போய்க் குழாயைக் கழுவும். வேலை இவ்வளவுதான். இதைச் சொல்ல அக்கா முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அவர் வீட்டு ஹாலில் எங்களை உட்காரவைத்து, காபி தருவதற்கு முன்னால் சொல்வார். ஏனென்றால் காபி வந்துவிட்டால் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

"தண்ணி எவ்வளவு வேணா ஊத்துங்க. கோவில்பட்டிக்காரி சொல்லுதேன், நான் பொறந்ததுலேந்து தண்ணிக்குக் கஞ்சம், ஆனா இங்க கஞ்சம் புடிக்காதீங்க. தண்ணி இல்லன்னா கெட்டியாயிரும். காகிதம் போடாதீங்க. அமெரிக்காக்காரன் காகிதம் போட்டுப் போட்டுத்தான் அவன் டேங்க் அடைக்கி."

"அக்கா, காபி..." என்பார் என் கணவர் செந்தில்.

"கேளுங்க முதல்ல. சிங்க்ல சோறு கொட்டாதீங்க. ஏளா மல்லிகா, உன்னத்தான். போன தடவ நீ ரசஞ்சோத்தத் தட்டோட கழுவி விட்ட. நூறு டிகிரி வெயில்ல அது புளிச்சு, டிரெய்லரே தோசை மாவு வாளி மாதிரி நாறுச்சு."

அது உண்மை. பருக்கை, கறிவேப்பிலை, புளிச்சக்கை எல்லாம் என் உபயம்தான். ஆனால் செந்தில் செய்ததோடு ஒப்பிட்டால் நான் உத்தமி. ஒரு கோடையில் நாங்கள் போன இடத்தில் ஒவ்வொரு டிரெய்லருக்கும் பக்கத்திலேயே கழிவுத் துளை இருந்தது. செந்தில் குழாயை மாட்டிவிட்டு, கறுப்பு லீவரை இழுத்துத் திறந்தபடியே விட்டுவிட்டார். எப்போதும் திறந்திருந்தால் எப்போதும் நிரம்பாது அல்லவா? எம்.டெக். படித்தவரின் தர்க்கம். நீர் எல்லாம் அவ்வப்போது ஓடிவிட, மற்றது மட்டும் உள்ளே தங்கிக் குவிந்து இறுகிவிட்டது. கிளம்பும் நாளில் அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். செந்திலைப் பார்த்தார்.

"தம்பி, உள்ள ஒரு மலை கட்டியிருக்கீங்க."

அதற்கு அக்கா கண்ட வைத்தியம் ஐஸ். கடையில் இருந்த ஐஸ் மூட்டைகளை வாங்கி, கழிப்பறை வழியே உள்ளே கொட்டி, தண்ணீரும் ஊற்றி, டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஐஸ் கட்டிகள் உருண்டு மோதி அதை உடைக்குமாம். பின் இருக்கையில் எங்கள் மகள், கடையில் விற்கும் ஐஸ் கூழ் பானத்தை நினைத்துக் கேட்டாள், "மாம், ஆர் வீ மேக்கிங் எ ஸ்லஷி?" அக்கா சிரித்த சிரிப்பில் டிரக் ஒரு முறை தடம் மாறியது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த நாள் அலுவலகத்தில் பிரசண்டேஷன் இருந்தது.

இப்படி எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நடந்த பெரிய சண்டையை எழுதாமல் இந்தக் கட்டுரை முழுதாகாது. பிளானோவில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாக எழுதுகிறேன்.

என் மாமியார் இறந்த மறு வருடம், என் மாமனார் எங்களிடம் வந்தார். ஈரோட்டுப் பக்கம் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கேம்பிங்கிலும் இஸ்திரி போட்ட சட்டைதான் அணிவார். என் அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். கல்யாணமான நாளில் இருந்து என்னை 'அம்மிணி' என்று அழைத்து, நான் வேலைக்குப் போவதைத் தன் தம்பிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் இவர்தான். அவர் ஊரில் தனியாகப் பொங்கித் தின்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்களோடு நிரந்தரமாக இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. "ஆறு மாசம் இருந்து பாக்கறனுங் அம்மிணி. புடிச்சா இருக்கறேன்" என்று சொல்லி வந்திருந்தார். ஒரு மாதத்தில் நூலகத்துக்குத் தானே நடந்து போகப் பழகிவிட்டார். பக்கத்து வீட்டு நாய்க்கு அவரைத் தெரிந்தது. கிரீன் கார்டுக்கு எழுதிப் போடலாமா என்று நானும் செந்திலும் பேசத் தொடங்கியிருந்தோம்.

அந்த நிலையில்தான் அக்கா, "மாமாவையும் கூட்டிட்டு வா. நாலு நாள் ஏரிப் பக்கம் இருந்தா மனசு தேறும்" என்றார்.

அருமையான நாட்கள் அவை. மாமாவும் சந்திரன் அண்ணனும் மரத்தடியில் உட்கார்ந்து, ஒருவர் பாதி பேச மற்றவர் மீதியைப் பேசாமல் விட்டுவிட, மிகுந்த ஒற்றுமையோடு இருந்தார்கள். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி எழுந்து போக வேண்டும். டிரெய்லரில் கழிப்பறையும் தண்ணீரும் இருந்ததை அவர் வாய்விட்டுப் பாராட்டினார். முதல் முறை சந்திரன் அண்ணன், அடுத்தது செந்தில், அடுத்தது நான் என்று காலி செய்தோம். முறை எங்கே போய் நிற்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. மாமாவை அந்தக் கணக்கில் யாராவது சேர்ப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும் நேரம். டம்ப் ஸ்டேஷனில் எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கா டிரக்கை நிறுத்தி இறங்கி, ரப்பர் கையுறையை உதறியபடி, மாமா உட்கார்ந்திருந்த பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"மாமா, இறங்குங்க. இன்னைக்கு உங்க முறை."

மாமாவுக்கு விளங்கவில்லை. "என்ன முறைங் அம்மிணி?"

நான் பின்னால் இருந்து குதித்து ஓடினேன். "அக்கா, மாமாவோட முறைய நான் செஞ்சுக்கறேன்."

"நீ நேத்து செஞ்சாச்சு."

"அவருக்கு எழுபது வயசுக்கா."

"குனிய வேண்டாம். குழாய நான் மாட்டித் தாரேன். லீவர மட்டும் இழுக்கட்டும்."

"அக்கா, ப்ளீஸ். இது வேற. உங்களுக்குப் புரியலை."

"எல்லாம் புரியுது. நீ தள்ளு." பிறகு மாமாவிடம், ஹாலில் எங்களுக்குச் சொல்லும் அதே விளக்கத்தை, அதே வரிசையில், மரியாதைக் குறைவில்லாமல் சொன்னார்.

மாமா ஒரு மனுவைக் கேட்பதுபோல முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "அம்மிணி, எங்கிட்ட முப்பது பேரு இந்த வேல பாத்தாங்க. நான் மேஸ்திரிக்குச் சொல்லுவேன். மேஸ்திரி அவிங்களுக்குச் சொல்லுவாரு. என்ற சர்வீஸ்ல ஒரு வாளிய நான் கையில தொட்டதில்லீங்."

"தெரியும் மாமா. அதுக்குத்தான் குடுக்கேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் இருந்த வண்டியில் இருந்து, பெரிய தொப்பி போட்ட ஒரு தாத்தா இறங்கி வந்து, உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அக்கா திரும்பாமலே, "நோ சார், தேங்க் யூ. ஃபேமிலி டிஸ்கஷன்" என்றார். அவர் எங்கள் வண்டியையும் நீட்டிய கையுறையையும் பார்த்துவிட்டு, தன் மனைவியிடம் போய் ஏதோ சொன்னார்.

"முடியாதுங் அம்மிணி" என்றார் மாமா. குரல் உயரவில்லை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, திஸ் இஸ் டூ மச்" என்றார் செந்தில்.

"அப்ப டேங்க் திறக்காது" என்றார் அக்கா. டிரெய்லரில் சாய்ந்து நின்றுகொண்டார். வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

நான் அவர் கையில் இருந்து கையுறையைப் பிடுங்கினேன். குழாயை இழுத்தேன். மாட்டினேன். அந்தக் கோபத்தில் டிரெய்லர் பக்கத்துக் கொக்கியைச் சரியாகத் திருகாமல் லீவரை இழுத்துவிட்டேன். மீதியை விவரிக்க வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே, செருப்பில், சிமெண்டில். பின்னால் நின்ற தொப்பித் தாத்தா, "ஓ, மை" என்றது தெளிவாகக் கேட்டது.

அக்கா ஒரே பாய்ச்சலில் வந்து லீவரைத் தள்ளி மூடினார். தண்ணீர்க் குழாயை எடுத்து வந்து என் காலை, செருப்பை, தரையைக் கழுவினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு பக்கமும் கிளிக்குன்னு கேக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்றார்.

நான் அந்த ஏரிக்கே கேட்கும்படி கத்தினேன். "உங்க டிரெய்லரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். யாரக் கேட்டு எங்க மாமாவ அவமானப்படுத்தினீங்க? ஊர்ல இருக்கறதெல்லாம் திருத்தறதுக்கு எங்க வீட்டுப் பெரியவர்தான் கிடைச்சாரா?"

அக்கா குழாயைத் திரும்ப மாட்டி, இரண்டு முறை கிளிக் சத்தம் கேட்டதும், லீவரை இழுத்தார். என் கண்ணெதிரில், நிதானமாக, கறுப்பு முதலில், சாம்பல் பிறகு.

இரண்டு வாரத்தில் மாமா, "டிக்கெட்ட முன்னாடி மாத்தித் தர முடியுமாங் அம்மிணி?" என்று கேட்டார். காரணம் கேட்டேன். "தோட்டத்துல வேல கெடக்குது" என்றார். நான் அழுதேன். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை. ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். எனக்கு யார் மீது கோபம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தியக் கடையில் அக்காவைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். அவர் என் கூடைக்குள் எட்டிப் பார்ப்பது முதுகில் தெரியும். பிறகு செந்திலுக்கு ஜெர்சி சிட்டியில் வங்கி வேலை வந்து நாங்கள் கிளம்பியபோது, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினோம்.

அக்கா விடுவாரா? மறு வருடக் கோடையில், முன்னறிவிப்பு இல்லாமல், டெக்சாஸில் இருந்து அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு சந்திரன் அண்ணனோடு எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் வந்து நின்றார். ஆறு கார்கள் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இது யாருடைய விருந்தாளி என்று கேட்டார். என்னுடைய விருந்தாளி என்று சொல்ல வேண்டியதாயிற்று. அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. சண்டை முடிந்துவிட்டதாக அவர் அறிவித்துக்கொண்டார்.

"ஏளா, மூஞ்சியத் தூக்காத. காபி போடு."

போட்டேன். வேறென்ன செய்ய?

அப்போதுதான், என் சமையலறையில், எந்த அலமாரியில் எது இருக்கக் கூடாது என்று மாற்றி வைத்துக்கொண்டே அவர் சொன்னார். "எங்க வீட்டுப் பின்னால ஒரு சந்து உண்டு. காலையில கக்கூஸ் அள்ள ஒரு அம்மா வாளியோட வருவாங்க. நாங்க பிள்ளைங்க எல்லாம் உள்ள போயிரணும். எங்கம்மா தூக்கிப் புடிச்சுத் தண்ணி ஊத்துவாங்க, அவங்க மேல படாம. நான் பி.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் வந்தாங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அவங்க பேரு தெரியாது. எனக்கும் தெரியாது. கேக்கணும்னே தோணல." டப்பா ஒன்றின் அடியில் தேதியைப் பார்த்தார். "டிரெய்லர் வாங்கி முதத் தடவ காலி பண்ணயில வாந்தி எடுத்தேன். ரெண்டாந் தடவ மூக்கப் பொத்திக்கிட்டேன். அப்புறம் அது ஒரு வேல, அவ்வளவுதான்னு ஆயிப்போச்சு. இதுக்காளா அவ்வளவு பெரிய சுவரு? கைய வச்சாத்தான் தெரியும், சொன்னாத் தெரியாது. அதான் எல்லாரையும் வைக்கச் சொல்லுதேன்."

"இத அன்னைக்கே மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"கேட்டாச் சொல்லியிருப்பேன். நீ கத்திக்கிட்டுல்லா இருந்த."

பாருங்கள். இதற்கும் நான்தான் காரணம். கடைசிவரை அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் நினைத்தது சரி. அதற்காக வயதான ஒரு மனிதரை, அவர் மருமகள் முன்னால், முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று பார்க்க, சோதனைக்கு நிறுத்தியது சரியல்ல. இதை அவரிடமே சொன்னேன். "சரி, உன் அபிப்பிராயம். இந்த மஞ்சப்பொடில வண்டு" என்றார்.

அக்கா போன செய்தியை மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றார் செந்தில். பழையதைக் கிளறுவானேன் என்று. நான் பிளானோவுக்குக் கிளம்பும் முன் ஊருக்கு போன் செய்தேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

லைனில் இரைச்சல் கேட்டது.

"நல்ல தெகிரியமான புள்ள" என்றார் மாமா. "அது கேட்டதுல தப்பொண்ணுமில்லீங் அம்மிணி. மறுபடியும் கூப்பிட்டிருந்தாலும் நான் எறங்கியிருக்க மாட்டேன். அது வேற."

"அந்த அவமானத்துலதான நீங்க கிளம்பினீங்க மாமா?"

"அவமானமா? அது எனக்கு என்ன அவமானம்? வண்டிக் கண்ணாடியில பாத்துட்டேதான் உக்காந்திருந்தேன். நீ அந்தக் கொழாயப் புடிச்சிட்டு நின்ன. மேலெல்லாம் தெறிச்சுது. எனக்குக் கதவத் தெறக்கக் கை வரல. என்ற புள்ளையே நின்னாலும் கை வரலியேன்னு இருந்துச்சு. அப்புறம் உன்ற ஊட்டுல, நீ போடற சோத்த எப்படித் திங்கறது? அதான் வந்துட்டேன்."

இத்தனை வருடமாக நான் அக்காவின் மேல் வைத்திருந்த வழக்கின் தீர்ப்பை, ஐ.எஸ்.டி. லைனில், இரைச்சலுக்கு நடுவில், மாமா இப்படி மாற்றி எழுதிவிட்டார். அக்காவிடம் சொல்ல முடியவில்லையே என்று அப்போது வந்த ஆத்திரம் சாதாரணமானதல்ல. எப்போதும் நான் எதையாவது சொல்ல வாயெடுக்கும்போது அவர் குறுக்கே பேசுவார். இப்போது போயே விட்டார்.

பிளானோவில் இறுதிச் சடங்கு நிலையத்தின் பெண்மணி மிகவும் கனிவாகப் பேசினார். உடலைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாவற்றுக்கும் தங்களிடம் பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு, குடும்பத்தினர் கவலைப்பட வேண்டாம், வெளியே அமர்ந்திருக்கலாம் என்றார். அவர் குரலில் இருந்த மென்மைக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். சந்திரன் அண்ணன் என்னைப் பார்த்தார். அக்காவுக்கு அமெரிக்காவில் ரத்த உறவு யாரும் இல்லை.

"நாங்களே செய்கிறோம்" என்றேன்.

நானும் பிளானோத் தோழிகள் இருவரும் உள்ளே போனோம். மரணம் உடலை எப்படி விட்டுவைக்கிறது என்பது அதைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். முதலில் என் கை நின்றது, மறைக்கவில்லை. பிறகு அது ஒரு வேலை ஆயிற்று. வெதுவெதுப்பான தண்ணீரில், கழுத்தில் இருந்து தொடங்கி. சந்திரன் அண்ணன் கொடுத்தனுப்பிய பையில் கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை இருந்தது, ஜாக்கெட் பச்சை நிறத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஜீன்ஸில் அலைந்தவருக்கு மடிப்பு நிற்கவே இல்லை. மூன்று பேரும் கொசுவத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டினோம். "படுத்திருக்கும்போதுகூடப் படுத்தறாங்களே" என்று ஒரு தோழி அழுதுகொண்டே சொல்ல, மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்கு வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அவர்கள் அக்காவை மண்டபத்துக்குக் கொண்டுபோன பிறகு, மற்றதைத் தங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அந்தப் பெண்மணி. நன்றி சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். மேஜையைக் கழுவினேன். துணிகளை அலசிப் பிழிந்தேன். வாளியில் இருந்த தண்ணீரைத் தரையின் துளையில் மெல்ல ஊற்றினேன். அது சுழன்று சுழன்று உள்ளே போனது. கடைசிச் சொட்டும் இறங்கி, துளையில் இருந்து ஒரு முறை காற்று வாங்கும் சத்தம் வரும்வரை நின்றிருந்தேன்.

எல்லாம் சுத்தமாகப் போய்விட்டது, அக்கா. நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.